பழைய பென்ஷனைக் கவுன்சில் திட்டத்தில் சேர்க்கலாமா?

கேள்வி:

ஐயா, எனக்கு 43 வயது. சொந்த ஊர் திருச்சி, இப்போது லண்டனில் குடும்பத்தோடு இருக்கிறேன். ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 14 ஆண்டு வேலை பார்த்தேன். அங்கே சேர்ந்த பென்ஷன் பணம் இன்று 62,000 பவுண்டு. போன நவம்பரில் ஒரு கவுன்சிலில், அதாவது உள்ளாட்சி அமைப்பில், வேலைக்குச் சேர்ந்து, உள்ளாட்சி ஊழியர்களுக்கான எல்ஜிபிஎஸ் பென்ஷன் திட்டத்தில் இருக்கிறேன். சம்பளம் ஆண்டுக்கு 42,000 பவுண்டு. பழைய பணத்தை அங்கே மாற்றினால் 68 வயதிலிருந்து ஆண்டுக்கு 4,400 பவுண்டு கூடுதல் பென்ஷன் கிடைக்கும் என்று மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள். சேர்ந்து ஓராண்டுக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். கூட வேலை பார்ப்பவர்கள் "கண்ணை மூடிக்கொண்டு மாற்று" என்கிறார்கள். என் அண்ணனோ, "கவுன்சில்களே திவாலாகிற காலத்தில் அங்கே கொண்டுபோய்க் கொட்டாதே" என்கிறார். என் கணவருக்கு 48 வயது, சொந்தக் கடை நடத்துகிறார். பிள்ளைகளுக்கு வயது 11, 8. முடிந்தால் 60 வயதில் வேலையை விட்டுவிட்டுத் திருச்சிக்குத் திரும்ப வேண்டும் என்று ஓர் ஆசை. கணவர் முன்பு வேலை பார்த்த இடத்தில் அவர் பேரில் 9,000 பவுண்டு கிடக்கிறது. அதையும் என் கவுன்சில் பென்ஷனில் சேர்த்துவிட முடியுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். உங்கள் நிலையில் நான் இருந்தால் இந்த 62,000 பவுண்டை மாற்ற மாட்டேன். நீங்கள் மாற்றினால் அது பெரிய தப்பா என்று கேட்டால், அதுவும் இல்லை. தொகையை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம்தான். ஆனால் ஒரு வழியில் போனால் திரும்பி வருவது கஷ்டம். அதனால்தான் அவசரப்படாதீர்கள் என்கிறேன்.

மாற்றினால் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இன்று உங்கள் பேரில் ஒரு தொகை இருக்கிறது, பங்குச் சந்தையோடு ஏறி இறங்குகிறது. மாற்றிய நாளில் அந்தத் தொகை உங்கள் பேரில் இருக்காது. அதற்குப் பதிலாக "68 வயதிலிருந்து ஆயுள் முழுக்க ஆண்டுக்கு இவ்வளவு" என்று சட்டம் தரும் ஒரு வாக்குறுதி உங்கள் எல்ஜிபிஎஸ் கணக்கில் ஏறும். உங்கள் வேலைக்காக அந்தக் கணக்கில் ஏற்கெனவே ஆண்டுதோறும் சம்பளத்தில் 49-ல் ஒரு பங்கு ஏறிக்கொண்டிருக்கிறது. 42,000-ஐ 49-ஆல் வகுத்தால் 857 பவுண்டு. அதாவது ஒவ்வோர் ஆண்டு வேலைக்கும் ஆயுள் முழுக்க ஆண்டுக்கு 857 பவுண்டு பென்ஷன் சம்பாதிக்கிறீர்கள். இதற்கு உங்கள் சம்பளத்தில் பிடிப்பது 6.5 சதவீதம். இந்த விலைக்கு இப்படி ஒரு பென்ஷன் வெளியில் எங்கேயும் கிடைக்காது. கூட வேலை பார்ப்பவர்கள் இந்தத் திட்டத்தைப் புகழ்வதில் தப்பே இல்லை.

ஆனால் அவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. மாதாமாதம் பிடித்தத்தில் கிடைக்கும் பென்ஷனின் செலவில் பெரும்பங்கைக் கவுன்சில் ஏற்கிறது. பழைய பணத்தை மாற்றி வாங்கும் 4,400-க்கு அப்படி யாரும் மேலே போட்டுத் தருவதில்லை. முழு விலையும் உங்கள் பணம்தான். முதலாவது நல்ல பேரம் என்பதால் இரண்டாவதும் அப்படியே என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதைத் தனியாகக் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

போட்டுப் பார்ப்போம். 4,400 என்பது இன்றைய விலைவாசியில் சொன்ன எண். எல்ஜிபிஎஸ் கணக்கில் இருப்பது ஒவ்வோர் ஏப்ரலிலும் அதற்கு முந்தைய செப்டம்பரின் விலைவாசிக் குறியீட்டின்படி உயரும். 2023-ல் 10.1 சதவீதம், 2024-ல் 6.7, 2025-ல் 1.7, இந்த ஆண்டு 3.8. ஆகவே 25 ஆண்டு கழித்துக் கையில் வரும்போது எண் வேறாக இருக்கும், வாங்கும் சக்தி இன்றைய 4,400-க்குச் சமமாக இருக்கும். இதைப் புரிந்துகொள்ளாமல், "25 வருஷம் கழித்து வெறும் 4,400-ஆ?" என்று கேட்டு மதிப்பீட்டைத் தூக்கிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது தப்புக் கணக்கு.

இன்றைய சந்தையில், 68 வயதில் ஒருவர் ஒரு லட்சம் பவுண்டைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து, விலைவாசியோடு உயரும் ஆயுள் பென்ஷனை வாங்கினால், தோராயமாக ஆண்டுக்கு 5,000 பவுண்டு கிடைக்கும். 4,400 வேண்டுமென்றால் 88,000 பவுண்டு வேண்டும். உங்கள் 62,000 அடுத்த 25 ஆண்டில், கட்டணம் போக, விலைவாசிக்கு மேல் ஆண்டுக்குச் சுமார் 1.4 சதவீதம் வளர்ந்தால் அந்த 88,000 வந்துவிடும். 3 சதவீதம் வளர்ந்தால் தொகை 1.3 லட்சத்தைத் தொடும், பென்ஷன் 6,500-ஐ ஒட்டி வரும். விலைவாசிக்கு மேல் ஒன்றுமே வளராவிட்டால் 62,000-க்கு 3,100 பவுண்டுதான்.

அந்த 1.4 தற்செயலாக வந்த எண் அல்ல. அரசுத் துறைப் பென்ஷன்களின் விலையைப் போட, அதாவது பிற்காலத்தில் தரும் பென்ஷனுக்கு இன்று எவ்வளவு பணம் வேண்டும் என்று கணக்கிட, அரசு ஒரு தள்ளுபடி விகிதம் வைத்திருக்கிறது. 2023 மார்ச் இறுதிவரை அது விலைவாசிக்கு மேல் 2.4 சதவீதம், அதன்பின் 1.7. இந்த விகிதம் இறங்கினால் அதே பென்ஷனை வாங்க அதிகப் பணம் தேவைப்படும். எளிமையாகச் சொன்னால், விலைவாசிக்கு மேல் ஒன்றரை சதவீதத்தை ஒட்டி வளரும், ஆபத்தே இல்லாத ஒன்றில் பணத்தைப் போடுகிறீர்கள். 43 வயதில், 25 ஆண்டு கையில் இருக்கும்போது, பங்குகள் பெரும்பான்மையாக உள்ள ஒரு ஃபண்ட் அதைத் தாண்டும் வாய்ப்பே அதிகம் என்று நான் நினைக்கிறேன். தாண்டியே தீரும் என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

2022-ஐ மறக்க வேண்டாம். ஓய்வுக்கு நெருக்கத்தில் இருந்த பலருடைய பணத்தை நிறுவனங்கள் "பாதுகாப்பாக" இருக்கட்டும் என்று அரசுக் கடன் பத்திர ஃபண்டுகளுக்கு மாற்றி வைத்திருந்தன. வட்டி ஏறியது, செப்டம்பரில் அரசு அறிவித்த மினி பட்ஜெட்டால் சந்தையில் கலவரம், அந்த ஃபண்டுகள் பலமாகச் சரிந்தன. அதே நேரத்தில் விலைவாசி உயர்வு 10 சதவீதத்தைத் தாண்டியது. அதற்கடுத்த ஏப்ரலில் எல்ஜிபிஎஸ்-காரர்களின் கணக்கு அதே விகிதத்தில் உயர்ந்தது. உத்தரவாதம் என்றால் என்ன என்று அந்த ஓராண்டில் தெரிந்தது. அதற்கு மதிப்பு இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். உங்களுக்கு இன்னும் எவ்வளவு உத்தரவாதம் தேவை என்பதுதான் என் கேள்வி.

அதற்கு முன் அண்ணனின் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். குராய்டன் கவுன்சில் 2020-லும், பர்மிங்ஹாம் கவுன்சில் 2023-லும் 114-வது பிரிவின் கீழ் "எங்களிடம் பணம் இல்லை" என்று அறிவித்தது உண்மை. பேப்பர்கள் அதைத் திவால் என்று எழுதின. ஆனால் எல்ஜிபிஎஸ் பென்ஷன் எவ்வளவு என்பதை முடிவு செய்வது கவுன்சில் அல்ல, நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் கீழ் வந்த விதிகள். பணமும் கவுன்சிலின் அன்றாடச் செலவுக் கணக்கில் கலக்காமல் தனி நிதியாக இருக்கிறது. அந்த அறிவிப்புகளால் ஊழியர்களின் சம்பாதித்த பென்ஷனில் ஒரு பவுண்டும் குறையவில்லை. பயப்பட வேண்டிய ஆபத்து வேறு: அரசு விதியை மாற்றலாம். 2011-ல் ஆண்டு உயர்வைக் கணக்கிடும் குறியீட்டை மாற்றினார்கள். புதியது பெரும்பாலும் பழையதைவிடக் குறைவாகவே ஏறுவது. ஏற்கெனவே சம்பாதித்த பென்ஷனுக்கும் அது பொருந்தியது. 2014-ல் கடைசிச் சம்பளத்தை வைத்துக் கணக்கிடும் முறையே போய்விட்டது, ஆனால் அதுவரை சேர்ந்ததைக் காப்பாற்றினார்கள். ஆக, பணம் காணாமல் போகும் என்ற பயம் வேண்டாம். விதி சற்று இறுகலாம், அவ்வளவுதான்.

சரி, உங்களுக்கு எவ்வளவு உத்தரவாதம் தேவை? இதே சம்பள அளவில் 68 வரை வேலை பார்த்தால், இன்றைய விலைவாசியில் எல்ஜிபிஎஸ் மட்டும் ஆண்டுக்கு 21,000-ஐத் தாண்டும். அதற்கு மேல் அரசு முதுமையில் தரும் முழு ஸ்டேட் பென்ஷன், இந்த நிதியாண்டில் வாரத்துக்கு 241.30 பவுண்டு, ஆண்டுக்கு 12,548. இரண்டும் சேர்ந்து 34,000-ஐ ஒட்டுகிறது. இரண்டுமே ஆயுள் முழுக்க வருபவை. வீட்டுக்கடன் முடிந்து, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு அரிசி பருப்பு, மின்கட்டணம், மருந்து எல்லாவற்றுக்கும் இது போதும். இதற்கு மேல் இன்னொரு 4,400 உத்தரவாதம் வந்தால் சந்தோஷம்தான், ஆனால் அது இல்லாவிட்டால் அடுப்பு எரியாது என்ற நிலை இல்லை. இப்போது உங்களிடம் இல்லாதது வேறு: நினைத்தபோது எடுக்க, ஓராண்டு கூட்டி ஓராண்டு குறைத்து எடுக்க, எடுக்காமல் விட்டுவைக்க வசதியான ஒரு தொகை. 62,000 அந்த வேலையைச் செய்யும். எல்ஜிபிஎஸ் அதைச் செய்யாது.

60 வயதில் வேலையை விட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே இது இன்னும் தெளிவாகத் தெரியும். உங்கள் ஸ்டேட் பென்ஷன் வயது இப்போதைய சட்டப்படி 68. எல்ஜிபிஎஸ்-ஸின் இயல்பான வயதும் அதோடு சேர்ந்தே போகிறது. 60-ல் நின்றால் எட்டு ஆண்டு இடைவெளி. அதை எப்படித் தாண்டுவது?

மாற்றிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 17 ஆண்டு வேலைக்கு 14,570, அதோடு மாற்றி வாங்கிய 4,400, மொத்தம் 18,970. இதை எட்டு ஆண்டு முன்னதாக எடுத்தால் 30 சதவீதத்தை ஒட்டி வெட்டுவார்கள், ஆயுள் முழுக்க. 60-லிருந்து சுமார் 13,300 வரும். மாற்றிய பங்கை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டு மீதியை 68-க்கு விட்டுவைக்கிறேன் என்று சொல்ல முடியாது, எடுத்தால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். 68-ல் ஸ்டேட் பென்ஷன் சேர்ந்தால் 25,800.

மாற்றவில்லை என்றால், 62,000 விலைவாசிக்கு மேல் 2 சதவீதம் வளர்ந்து 60-ல் இன்றைய மதிப்பில் 87,000 ஆகிறது. அதை எட்டு ஆண்டில் கரைத்தால் ஆண்டுக்கு 11,000 எடுக்கலாம். கால் பங்குக்கு வரி கிடையாது, மீதி 8,250 வருமான வரி விலக்கு வரம்பான 12,570-க்குள் அடங்கிவிடும். வேறு வருமானம் இல்லையென்றால் ஒரு பென்ஸ்கூட வரி இல்லை. எல்ஜிபிஎஸ் பென்ஷனை அந்த எட்டு ஆண்டும் தொடாமல் விடுகிறீர்கள், வெட்டு இல்லை. 68-ல் 14,570-ம் ஸ்டேட் பென்ஷனும் சேர்ந்து 27,100.

ஆக, மாற்றினால் முதல் எட்டு ஆண்டில் ஆண்டுக்கு 2,300 கூடுதல், அப்புறம் ஆயுள் முழுக்க 1,300 குறைவு. மாற்றாமல் இருந்து 80 வயதைத் தாண்டிக் கொஞ்சம் வாழ்ந்தால்தான் அது லாபம் என்று வருகிறது. வளர்ச்சி 3 சதவீதமாக இருந்தால் மாற்றாமல் இருப்பதே தெளிவான லாபம். 1 சதவீதம் என்றால் மாற்றியிருக்கலாமோ என்று தோன்றும். இழுபறிதான் என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா, இதைத்தான் சொன்னேன். ஆனால் இந்த இழுபறியில் ஒரு வித்தியாசம். பணம் வெளியே இருந்தால் 58-ல் நிற்பதா, 62-ல் நிற்பதா, வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் வேலை பார்ப்பதா என்பதை அப்போதைய உடம்பையும் பிள்ளைகளின் படிப்பையும் பார்த்து முடிவு செய்யலாம். தனியார் பென்ஷனை 2028 ஏப்ரல் 6 முதல் 57 வயதிலேயே தொடலாம்.

வரியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த ஆண்டு முழு ஸ்டேட் பென்ஷனுக்கும் வரி விலக்கு வரம்புக்கும் உள்ள இடைவெளி வெறும் 22 பவுண்டு. வரம்பு 2031 வரை உறைந்து கிடக்கிறது, பென்ஷன் ஏறிக்கொண்டே போகிறது. எனவே 68-க்குப் பிறகு எல்ஜிபிஎஸ் வழியாக வரும் ஒவ்வொரு பவுண்டிலும் குறைந்தது 20 பென்ஸ் வரி. அந்த 4,400-ல் கைக்கு வருவது 3,520. அதே பணத்தை 68-க்கு முன்பு எடுத்தால் வரி கிட்டத்தட்ட இல்லை. மொத்தமாக ஒரு தொகை வேண்டுமென்றால் எல்ஜிபிஎஸ்-ஸில் ஆண்டுப் பென்ஷனில் 1 பவுண்டை விட்டுக்கொடுத்து 12 பவுண்டு வாங்கலாம். எனக்கு அந்த விகிதம் பிடிப்பதில்லை. 68 வயதுப் பெண்மணி 12 ஆண்டுக்கு மேல் வாழ்வது சர்வசாதாரணம்.

இப்போது கணவர். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அவர்தான். கடை வருமானம், பேரில் 9,000 பவுண்டு, வேறு பென்ஷன் இல்லை. உங்களுக்கு ஏதாவது ஆனால் என்ன? கவுன்சிலில் வேலையில் இருக்கும்போது இறந்தால் சம்பளத்தின் மூன்று மடங்கு, உங்கள் விஷயத்தில் 1,26,000 பவுண்டு, குடும்பத்துக்கு வரும். பழைய பணத்தை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இந்தத் தொகை ஒன்றுதான். கணவருக்கு ஆயுள் பென்ஷனும் பிள்ளைகளுக்குப் பென்ஷனும் உண்டு. ஆனால் மாற்றி வாங்கிய 4,400-ல் கணவருக்குப் போவது 160-ல் 49 பங்கு, ஆண்டுக்கு 1,350 பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. மாற்றாமல் இருந்தால் 62,000-ம், அதன் மேல் வளர்ந்ததும் முழுவதுமாக அவருக்குப் போகும். 2027 ஏப்ரலிலிருந்து செலவழிக்காத பென்ஷன் பணத்தையும் வாரிசு வரிக் கணக்கில் சேர்க்கிறார்கள் என்ற செய்தியைப் படித்திருப்பீர்கள். கணவன் மனைவிக்குள் போவதற்கு அந்த வரி கிடையாது. 40-களில் இருக்கிற, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள தம்பதிக்கு இது சின்ன விஷயம் இல்லை.

எதிர்த்தரப்பு வாதத்தில் எனக்குப் பலமாகத் தோன்றுவது திருச்சிதான். இந்தியாவுக்குத் திரும்பினால் பிரிட்டிஷ் ஸ்டேட் பென்ஷன் உறைந்துவிடும். இந்தியா, இலங்கை இரண்டு நாடுகளிலும் இப்படித்தான். அங்கே குடியிருந்தபடி முதலில் வாங்கத் தொடங்கிய அதே வாரத் தொகை, கடைசிவரை. இங்கே விலைவாசி ஆண்டுக்கு இரண்டரை சதவீதம் ஏறினால் 20 ஆண்டில் அதன் மதிப்பில் ஐந்தில் இரண்டு பங்கு கரைந்துவிடும். எல்ஜிபிஎஸ் பென்ஷனுக்கு அந்தத் தடை இல்லை. ஸ்ரீரங்கத்தில் இருந்தாலும் ஏப்ரலில் உயர்வு வரும், பிரிட்டனின் விலைவாசிப்படி. மேலும் தனியார் பென்ஷன் நிறுவனங்களில் பல, வெளிநாட்டில் குடியிருப்பவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும் வசதியைத் தருவதில்லை. எனவே ஊருக்குத் திரும்புவது நிச்சயம் என்றால் மாற்றுவதன் பக்கம் தராசு கொஞ்சம் சாயும். ஆனால் உங்கள் கடிதத்தில் அது "ஆசை". பிள்ளைகளுக்கு 11, 8 வயது. பேரன் பேத்தி இங்கே இருந்தால் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பதை இப்போது யாரும் சொல்ல முடியாது. அதை முடிவு செய்ய இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் மாற்றும் முடிவுக்கு இந்த நவம்பர்தான் கெடு. ஊருக்குப் போகும்போது 14,570-ம் அதற்கு மேலும் உயர்ந்துகொண்டே வரும் எல்ஜிபிஎஸ் எப்படியும் உங்கள் கையில் இருக்கும். தனியார் தொகையை, கிளம்பும் முன்பு, வெளிநாட்டு வாடிக்கையாளரை ஏற்கும் நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அரசுப் பணிப் பென்ஷனுக்கும் தனியார் பென்ஷனுக்கும் இந்திய-பிரிட்டிஷ் இரட்டை வரி ஒப்பந்தத்தில் தனித்தனி விதிகள் உண்டு, அதை அந்த நேரத்தில் ஒரு வரி ஆலோசகரிடம் காட்டுங்கள். "உங்கள் பிரிட்டிஷ் பென்ஷனை இந்தியாவுக்கே கொண்டுவந்து தருகிறோம்" என்று இப்போதே வாட்ஸ்அப்பில் வருபவர்களிடம் மட்டும் பேச வேண்டாம். வெளிநாட்டுக்கு மாற்றும்போது 25 சதவீத வரி விழும் ஆபத்து இருக்கிறது.

திரும்பி வருவது கஷ்டம் என்றேன். ஆசிரியர், என்எச்எஸ் என்ற அரசு மருத்துவ சேவை, பிரிட்டிஷ் மத்திய அரசு ஊழியர் திட்டங்களில் தனி நிதி கிடையாது, அங்கே போன பணத்தைத் தனியார் தொகையாகத் திரும்ப எடுக்க 2015-லிருந்து சட்டமே இடம் தருவதில்லை. எல்ஜிபிஎஸ்-ஸில் தனி நிதி இருப்பதால் வழி இருக்கிறது. ஆனால் திட்டத்திலிருந்து விலக வேண்டும், மதிப்பு 30,000 பவுண்டைத் தாண்டினால் அங்கீகாரம் பெற்ற ஆலோசகரின் அறிக்கை கட்டாயம், அதற்குப் பல ஆயிரம் பவுண்டு ஆகும், அவரும் பெரும்பாலும் வேண்டாம் என்றே எழுதுவார். நடைமுறையில் ஒருவழிப் பாதை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதே கடிதத்தை 58 வயதுக்காரர் எழுதியிருந்தால், தனியாக வாழ்பவராக இருந்தால், வேறு உத்தரவாதப் பென்ஷன் பெரிதாக இல்லை என்றால், நான் மாற்றச் சொல்லியிருப்பேன். பத்தாண்டில் சந்தை என்ன செய்யும் என்று அவரால் காத்திருந்து பார்க்க முடியாது, வாரிசுக்கு விட்டுப்போகும் கவலையும் இல்லை. சந்தை விழுந்தால் தூக்கம் வராது, பயத்தில் எல்லாவற்றையும் விற்றுவிடுவேன் என்பவருக்கும் மாற்றுவதே நல்லது. நீங்கள் அப்படிப்பட்டவரா என்று உங்களுக்குத்தான் தெரியும். 2022-ல் உங்கள் பழைய பென்ஷன் அறிக்கையைப் பார்த்து என்ன செய்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். பார்க்கவே இல்லை என்றால் இன்னும் நல்லது.

மாற்றாமல் விடுவது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது அல்ல. பழைய நிறுவனத்தின் பென்ஷன் இணையக் கணக்கில் நுழைந்து மூன்று விஷயம் பாருங்கள். கட்டணம் எவ்வளவு? வேலையிடத்துப் பென்ஷனின் வழக்கமான ஃபண்டுக்குச் சட்டப்படி உச்சவரம்பு 0.75 சதவீதம், பல நிறுவனங்கள் அதைவிடக் குறைவாகவே வாங்குகின்றன. முக்கால் சதவீதத்தை ஒட்டி இருந்தால் குறைந்த கட்டண ஃபண்டைத் தேடுங்கள், 25 ஆண்டில் பெரிய வித்தியாசம். ஓய்வு வயது என்று என்ன போட்டிருக்கிறது? அந்த வயதை வைத்துத்தான் நிறுவனம் பணத்தைப் பங்கிலிருந்து கடன் பத்திரத்துக்கு நகர்த்தும், 60 முதல் 68 வரை எடுக்கப் போகிறீர்கள் என்றால் அதற்கேற்ப மாற்றுங்கள். வாரிசாக யார் பெயர்? கல்யாணத்துக்கு முன்பு அம்மா பெயரைக் கொடுத்துவிட்டு மறந்தவர்கள் நிறையப் பேர். கவுன்சில் பென்ஷனுக்கும் தனியாக வாரிசுப் படிவம் நிரப்ப வேண்டும்.

கையில் மாதம் நூறோ இருநூறோ மிஞ்சினால் எல்ஜிபிஎஸ்-ஸோடு சேர்ந்த ஏவிசி என்ற கூடுதல் சேமிப்பைப் பற்றிச் சம்பளப் பிரிவில் கேளுங்கள். பல கவுன்சில்களில் அதைச் சம்பளத்திலிருந்து வரிக்கும் தேசியக் காப்பீடு என்ற அரசுச் சந்தாவுக்கும் முன்பே பிடிக்கும் ஏற்பாடு இருக்கிறது. தேசியக் காப்பீட்டுச் சலுகையை 2029 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 2,000 பவுண்டு வரைதான் என்று குறைக்கப் போகிறார்கள், அதுவரை முழுதாகக் கிடைக்கும். எல்ஜிபிஎஸ் பென்ஷனோடு சேர்த்து எடுக்கும்போது, மொத்த மதிப்பில் கால் பங்கு என்ற வரம்புக்குள், ஏவிசி பணம் முழுவதையும் வரியில்லாத தொகையாக எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒன்றுக்குப் பன்னிரண்டு பேரத்துக்குப் போக வேண்டியதில்லை.

நவம்பர் வரை நேரம் இருக்கிறது, அதை முழுதாகப் பயன்படுத்துங்கள். என் பேச்சைக் கேட்காமல் மாற்றுவது என்று முடிவு செய்தால், ஒன்றைக் கவனியுங்கள்: 4,400 என்பது 62,000-க்குச் சொன்ன மதிப்பீடு. பணம் கிளம்பும் நாளில் அது 57,000 ஆக இருந்தால் பென்ஷனும் அந்த அளவுக்குக் குறையும். கெடுவுக்குக் கடைசி வாரத்தில் விண்ணப்பித்துவிட்டுக் கவுன்சிலிடம் தவணை கேட்டு நிற்காதீர்கள், நீட்டித்துத் தருவது அவர்கள் இஷ்டம்.

இந்தப் பதிலைப் படித்துவிட்டு என்எச்எஸ்-ஸிலிருந்து கவுன்சிலுக்கோ, பள்ளியிலிருந்து அரசு அலுவலகத்துக்கோ மாறியவர்கள் அவசரமாக முடிவெடுக்க வேண்டாம். அரசுத் துறைத் திட்டங்களுக்குள் மாறுவதற்கு "கிளப்" என்ற தனி ஏற்பாடு உண்டு. அதில் சேர்ந்த பென்ஷனின் மதிப்பு ஏறக்குறைய அப்படியே வந்துசேரும். அந்தக் கணக்கே வேறு, ஓராண்டுக் கெடு மட்டும் அங்கேயும் உண்டு.

கடைசியாகக் கணவரின் 9,000 பவுண்டு. அதை உங்கள் எல்ஜிபிஎஸ்-ஸில் சேர்க்க முடியாது. ஒருவருடைய பென்ஷன் அவர் பேரிலேயே இருக்க வேண்டும் என்பது விதி. அது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், அல்லது குறைந்த கட்டணத்தில் ஒரு தனிநபர் பென்ஷன் தொடங்கி அதில் சேர்த்துக்கொள்ளட்டும். கடை வருமானத்திலிருந்து அதில் 80 பவுண்டு போட்டால் அரசு 20 சேர்க்கும். ஆனால் அவருக்கு அதைவிட முக்கியம் ஸ்டேட் பென்ஷன். முழுதாகக் கிடைக்க 35 ஆண்டுத் தேசியக் காப்பீட்டுப் பதிவு வேண்டும், பத்துக்குக் குறைந்தால் ஒன்றுமே இல்லை. கடையில் லாபம் குறைவாகக் காட்டிய ஆண்டுகளில் பதிவு விழாமல் போயிருக்கலாம். இன்று இரவே அரசு இணையதளத்தில் அவருடைய ஸ்டேட் பென்ஷன் கணிப்பை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விடுபட்ட ஆண்டு ஏதாவது கடந்த ஆறு ஆண்டுக்குள் இருந்தால் பணம் கட்டி நிரப்பலாம். சொந்தத் தொழில் செய்பவருக்கான இரண்டாம் வகுப்புச் சந்தா மற்றவர்கள் கட்டும் மூன்றாம் வகுப்பைவிட மிகவும் மலிவு. எந்த வகுப்பில் கட்டலாம் என்று வரித்துறைக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டு கட்டட்டும்.